கொழும்பில் எழுந்த ஒரு வினா

1935ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், கொழும்பு நகரிலே இருவர் எதிரெதிரே அமர்ந்து கோப்பி அருந்திக்கொண்டிருந்தனர். ஒருவர் இலங்கையர், இந்து, சட்டத்துறையைச் சார்ந்தவர். மற்றவர் அமெரிக்கர், கறுப்பினத்தவர், கிறிஸ்தவ குருவாகவும் சமயத்துறைப் பேராசிரியராகவும் விளங்கியவர். சட்டக் கல்லூரியிலே அவ்வமெரிக்கர் ஆற்றிய சொற்பொழிவு அப்பொழுதுதான் முடிந்திருந்தது. கோப்பி அருந்தி முடியும்வரை இருவரும் பேசினாரல்லர். கிண்ணங்கள் அகற்றப்பட்ட பின்னரே இலங்கையர் வாய் திறந்தார். விருந்தினர் இந்நாட்டுக்கு வந்து செய்வதென்ன என்பதே அவர் கேட்ட கேள்வி. நட்புறவுப் பயணம் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதியவற்றைத் தாம் படித்திருப்பதாகவும், தாம் கேட்பது அதுவன்று என்றும் அவர் தெளிவுபடுத்தினார்.

பின்னர் அவர் எடுத்துரைத்தது ஒரு குற்றப்பத்திரிகை எனின் மிகையாகாது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் விருந்தினரின் முன்னோரை ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டு சென்றவர்கள் கிறிஸ்தவர்கள். விலை கொடுத்து வாங்கியவர்களும் கிறிஸ்தவர்கள். புகழ்பெற்ற கிறிஸ்தவப் பாடலாசிரியரான ஜோன் நியூட்டன் அடிமை வாணிகத்தில் ஈடுபட்டவர். ஆங்கிலேயரின் அடிமைக் கப்பல்களுள் ஒன்று இயேசுவின் பெயரையே தாங்கியிருந்தது. பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களை ஓதி அடிமை முறைக்குச் சமய அங்கீகாரம் வழங்கியவர்கள் கிறிஸ்தவ குருமார். விடுதலை வழங்கிய ஆபிரகாம் லிங்கனோ எத்திருச்சபையிலும் உறுப்பினரல்லர். விடுதலைக்குப் பின்னும் கிறிஸ்தவ நாடு எனப்படும் அந்நாட்டிலே கறுப்பர் ஒதுக்கப்படுகின்றனர், கும்பல்களாற் கொல்லப்படுகின்றனர், கோவிலுக்குள்ளும் அவர்க்கு வேற்றிடமே. ஞாயிறு வழிபாட்டை இடையில் நிறுத்திவிட்டு ஒரு கறுப்பனைக் கொல்லும் கும்பலிற் சேர்ந்து, கொன்று முடிந்ததும் திரும்பி வந்து வழிபாட்டைத் தொடர்ந்த ஒரு சபையைப் பற்றிய பத்திரிகைத் துணுக்கைத் தம் மாணாக்கர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்ததையும் அவர் குறிப்பிட்டார். இத்துணையும் அறிந்த ஓர் அறிவாளி அச்சமயத்தின் சார்பாளராக இங்கு வந்து நிற்பது, உலகின் கருநிற மக்கள் அனைவர்க்கும் இழைக்கும் துரோகம் என்பது அவர் முடிபு. இதற்கு விருந்தினர் என்ன சமாதானம் கூறுவார் என்பது வினா.

உரையாடல் ஐந்து மணிநேரத்துக்கும் மேலாக நீண்டது.

இச்செய்தியை நமக்குப் பதிவு செய்து தந்தவர் வினாவை எதிர்கொண்ட விருந்தினரே. அவர் பெயர் ஹவார்ட் தேர்மன். 1949இல் அவர் வெளியிட்ட, 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' எனத் தமிழிற் பெயர்க்கத்தக்க சிறு நூல் இந்நிகழ்ச்சியைத் தன் தொடக்கப் பக்கங்களிலேயே கூறுகின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமய சிந்தனையிலே அந்நூல் பெற்றுள்ள இடம் பெரிது. மார்ட்டின் லூதர் கிங் தம் பயணப் பெட்டியில் அதனைக் கொண்டு திரிந்தார் என்று கூறுவாரும் உளர். கேட்டவரின் பெயரைத் தேர்மன் அந்நூலிற் குறிக்கவில்லை. கேள்வி எழுந்த இடத்தை 'கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி' என்று எழுதியிருக்கிறார். 1935இல் இங்கே பல்கலைக்கழகம் இருந்ததில்லை. 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1874 முதலாக இயங்கிவந்த சட்டக் கல்லூரியுமே இருந்தன. இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1942இலேதான். தூர நாட்டார்க்கு இவை நுண்ணிய வேறுபாடுகள், நமக்கு அங்ஙனமல்ல.

தேர்மன் வந்த சூழலைச் சிறிது நோக்குதல் வேண்டும். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் விடுத்த அழைப்பின் பேரிலே, அக்கால வழக்கில் 'நீக்ரோத் தூதுக்குழு' எனப்பட்ட நால்வர் 1935 செப்டெம்பரில் நியூயோர்க்கை விட்டுப் புறப்பட்டனர். தேர்மனே தலைவர். அவர் மனைவியார் சூ பெய்லி தேர்மன், எட்வேர்ட் கரோல் என்னும் இளங்குருவானவர், அவர் மனைவியார் பெனோலா ஆகியோர் மற்றை மூவர். தலைமையை ஏற்கத் தேர்மன் முதலில் தயங்கினார். கறுப்பரை வாயிலிலே நிறுத்தும் அமெரிக்கத் திருச்சபைக்கு வெளிநாடு சென்று வக்காலத்து வாங்குவதா என்பது அவர் உள்ளத்தை அரித்த ஐயம். கொழும்பிற் கேட்கப்பட்ட கேள்வியை அவர் அமெரிக்காவிலேயே தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இங்கு மனங்கொள்ளல் தகும்.

காலமும் அத்தகையது. 1935 ஒக்டோபர் 3ஆம் திகதி முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுட் புகுந்தன. ஆபிரிக்காவில் எஞ்சியிருந்த பழைய கிறிஸ்தவ அரசொன்றை ஐரோப்பியக் கிறிஸ்தவ நாடொன்று தாக்கியது. அதே மாதம் 13ஆம் திகதி, பம்பாய் மாகாணத்து இயோலா என்னும் ஊரிலே, தாம் இந்துவாகப் பிறந்தபோதிலும் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். இலங்கையிலோ, மலேரியாக் கொள்ளை நோய் பல்லாயிரவரை அள்ளிக்கொண்டு போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஆனால் 1931 முதல் இங்கே சர்வசன வாக்குரிமை நடைமுறையில் இருந்தது. தோட்டத் தொழிலாளரை அது முழுமையாகத் தழுவவில்லை என்பது வேறொரு வருத்தமான கதை. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. அடிமை நாட்டினரான இலங்கையர் தேர்தலில் வாக்களித்தனர். சுதந்திரக் குடியரசின் மைந்தரான தேர்மன் பிறந்த புளோரிடா மாநிலத்திலோ, கறுப்பர் வாக்குச் சாவடியை நெருங்குவதே அரிதாயிருந்தது. அத்தடைகளை உடைக்கும் சட்டம் 1965இலேதான் வந்தது.

இனி அக்குற்றப்பத்திரிகையைச் சற்று ஆராய்வோம். வழக்கறிஞர் கூற்றாயினும் சான்றுகளைச் சரிபார்த்தல் முறையன்றோ! கேட்டவர் நியூட்டனைச் 'சேர்' பட்டத்தோடு சுட்டியதாகத் தேர்மன் எழுதுகிறார். நியூட்டன் அப்பட்டம் எதனையும் பெற்றவரல்லர். வாணிகத்தாற் பெருஞ்செல்வர் ஆனவருமல்லர். ஆனால் உண்மை வரலாறு குற்றச்சாட்டினும் கொடியது. நடுக்கடலிற் புயலிடை அகப்பட்டு நியூட்டன் மனந்திரும்பியது 1748இல். அவர் அடிமைக் கப்பல்களின் தலைவராயிருந்ததோ 1750 முதல் 1754 வரை. இவ்வாண்டுகளை அருகருகே வைத்து நோக்குவார்க்கு விளக்கம் வேண்டியதில்லை. கீழ்த்தட்டிலே மனிதர் விலங்கிடப்பட்டுக் கிடக்க, மேற்றட்டிலே தலைவர் வேதாகமம் ஓதினார். கடற்பயணத்தை அவர் விட்டது நோயினால், மனச்சான்றினால் அன்று. தம் குற்றத்தை அறிக்கையிட்டு அவர் அடிமை வாணிகத்துக்கு எதிராக ஒரு சிறு பிரசுரம் எழுத 1788 வரை செல்ல வேண்டியிருந்தது. அதன்பின் அவர் ஒழிப்பியக்கத்துக்கு உறுதுணையாய் நின்றார் என்பதையும், பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வாணிகத்தைத் தடைசெய்த 1807இலேயே காலமானார் என்பதையும் சேர்த்துச் சொல்லுதலே நீதி.

இயேசுவின் பெயர் தாங்கிய கப்பலும் கட்டுக்கதையன்று. ஜேர்மனியின் லூபெக் நகரத்தாரிடமிருந்து எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் வாங்கப்பட்ட அக்கப்பலை, எலிசபெத் மகாராணி 1564இல் ஜோன் ஹோக்கின்ஸ் என்பவனுக்கு அடிமை வேட்டைக்காக வாடகைக்கு அளித்தாள். பெயரை இட்டவர் ஆங்கிலேயரல்லர். ஆயினும் அப்பெயரோடு அத்தொழிலைச் செய்ய அவர்கள் கூசவுமில்லை. கும்பற்கொலை பற்றிய குற்றச்சாட்டுக்குக் கணக்கே உண்டு. டஸ்கீஜி நிறுவனம் திரட்டிய விவரங்களின்படி, 1882 தொடக்கம் 1968 வரை அமெரிக்காவில் இவ்வாறு கொல்லப்பட்ட கறுப்பர் தொகை 3,446. இது பதிவானவர் தொகை மாத்திரமே.

ஆக, அற்பப் பிழைகளை நீக்கிவிட்டால் வழக்கு வலிமையுடையது. தேர்மன் அதனை மறுக்கவில்லை. மறுக்க முயலாமையே அவர் விடையின் முதற் சிறப்பு எனலாம். சமயவாதிகள் பலர் இத்தகைய கேள்விக்குத் தம் சமயத்தார் செய்த நற்பணிகளின் பட்டியலை விரிப்பர். பாடசாலை, வைத்தியசாலை, அச்சுக்கூடம் என்று அப்பட்டியல் நீளும். தேர்மன் அவ்வழி செல்லவில்லை. வரலாற்றிலே வளர்ந்து அதிகாரத்தோடு கைகோத்துக்கொண்ட கிறிஸ்தவம் வேறு, இயேசு என்னும் மனிதரின் சமயம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார்.

இப்பிரிவினையை அவர் நூல்களிலிருந்து மாத்திரம் கற்றவரல்லர். அதற்கு ஆசிரியை ஒருத்தி இருந்தாள், எழுத்தறியாதவள். அவர் பாட்டி நான்சி அம்புரோஸ்.

தேர்மன் 1899இல் புளோரிடாவின் டேற்றோனாவில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். திருச்சபையிற் சேராதவராய் இறந்த அத்தந்தைக்கு நரகமே கதி என்று ஈமச்சடங்கிற் போதகர் முழங்கியதை முன்வரிசையில் இருந்து கேட்ட சிறுவன், தேவாலயத்தோடு இனித் தனக்கு உறவில்லை என்று உறுதி பூண்டான். பின்னொரு நாள், வெள்ளையர் வீட்டு முற்றத்திலே அவன் சருகு கூட்டிக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுச் சிறுமி விளையாட்டாகச் சருகுக் குவியலைக் கலைத்தாள். தந்தையாரிடம் சொல்லுவேன் என்று அவன் எச்சரிக்க, அவள் ஓர் ஊசியை எடுத்து அவன் கையிற் குத்தினாள். அவன் துடித்துப் பின்வாங்கியதும் அவள் வியப்படைந்தாளாம். அவனுக்கு வலிக்காது என்றே அவள் நம்பியிருந்தாள். இனவெறி என்பதைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் எத்துணையோ உள. அச்சிறுமியின் வியப்பைக் காட்டிலும் தெளிவான விளக்கம் நாம் கண்டதில்லை. அவளிடம் பகைமை இல்லை. தன்னைப் போல அவனும் உணர்வுடையவன் என்ற எண்ணமே அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை.

தாயார் வேலைக்குச் சென்ற அவ்வீட்டிலே பேரனை வளர்த்தவள் பாட்டியே. அவள் அடிமையாய்ப் பிறந்து, உள்நாட்டுப் போர் முடியும்வரை புளோரிடாவில் ஒரு பண்ணையில் அடிமையாய் வாழ்ந்தவள். வாரத்தில் இரண்டு மூன்று முறை பேரன் அவளுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுதல் வழக்கம். எதனை வாசிக்க வேண்டும் என்பதை அவளே தீர்மானிப்பாள். சங்கீதங்கள் வேண்டும், ஏசாயா வேண்டும், சுவிசேஷங்களை மீண்டும் மீண்டும் கேட்பாள். பவுலின் நிருபங்களை மாத்திரம் வாசிக்க விடமாட்டாள். விதிவிலக்காக, எப்பொழுதாவது ஒரு முறை, கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைக் கேட்பாள். அது அன்பைப் பற்றியது.

காரணத்தைக் கேட்கும் துணிவு பேரனுக்குக் கல்லூரி மாணவனான பின்னரே வந்தது. அவள் விளக்கினாள். அடிமைக் காலத்திலே எசமானனின் போதகர் வந்து அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்வாராம். ஆண்டில் மூன்று நான்கு முறையேனும் அவர் பவுலிலிருந்தே பாடம் எடுப்பார். அடிமைகள் எசமானர்க்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்னும் பகுதியை எடுப்பார். அவர்கள் அடிமைகளாயிருப்பது தெய்வ சித்தம் என்றும், நல்லடிமைகளாக நடந்தால் கடவுள் அருள்வார் என்றும் சொல்லுவார். தனக்கு விடுதலை கிடைத்து, வாசிக்கவும் தெரிந்துவிட்டால், வேதாகமத்தின் அப்பகுதியை ஒருபோதும் வாசிப்பதில்லை என்று அப்பொழுதே அவள் கர்த்தரிடம் பொருத்தனை செய்துகொண்டாள். விடுதலை கிடைத்தது. வாசிக்கக் கற்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆயினும் பிறர் வாசிக்கக் கேட்கும்போதும் அப்பொருத்தனையை அவள் காத்தாள்.

வேதத்தை ஏற்று, வேதத்துக்குள்ளேயே நின்று, இது எனக்குரியது, இது என்னை அடிமைப்படுத்தியவனுக்குரியது என்று பகுத்த இவ்வெழுத்தறியாக் கிழவியின் துணிவு சாதாரணமானதன்று. பிற்காலத்து இறையியல் அறிஞர் ஆராய்ச்சி நூல்களிலே செய்த வேலையை அவள் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே செய்துவிட்டாள்.

அவள் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. எசமானனின் போதகரன்றி, அயற்பண்ணையிலிருந்து ஓர் அடிமைப் போதகரும் அரிதாக வர அனுமதிக்கப்படுவார். இயேசுவின் பாடுகளை உருக்கமாகச் சொல்லி முடித்த பின்னர், அவர் கூட்டத்தை அமைதியாக உற்று நோக்கி, அவர்கள் அடிமைகள் அல்லர், கடவுளின் பிள்ளைகள் என்று உரைப்பாராம். இதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் கிழவியின் முதுகு நிமிர்ந்துவிடும் என்று தேர்மன் எழுதுகிறார். ஒரே வேதம், ஒரே பண்ணை, இரு போதகர். கொழும்பிலே ஐந்து மணிநேரம் அவர் சொல்ல முயன்றதன் கரு இதுவே.

1949இல் வெளிவந்த நூலிலே இக்கரு முழு வளர்ச்சி பெற்றிருக்கின்றது. அதற்கு முன்னோடியான கட்டுரை ஒன்றைத் தேர்மன் கீழைநாட்டுப் பயணத்துக்குச் சற்று முன்னர், 1935 கோடையிலேயே எழுதியிருந்தார். ஆதலின் கொழும்பு வினாவே நூலைப் பிறப்பித்தது என்று நாம் பெருமை கொள்ளுதல் பொருந்தாது. உள்ளே புகைந்துகொண்டிருந்ததை அது ஊதிவிட்டது என்பதே சரி.

முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்குமாறு நெருக்கப்பட்டவர்களுக்கு இயேசுவின் சமயம் சொல்வது என்ன என்பதே நூலின் கேள்வி. இயேசு யூதர், ஏழை, உரோமப் பேரரசின் காலின்கீழ் கிடந்த ஒரு சிறுபான்மை இனத்தவர் என்னும் மூன்று செய்திகளைத் தேர்மன் முதலில் நிறுத்துகிறார். குழந்தை இயேசுவுக்காகத் தாய் ஆலயத்திற் படைத்தது இரு புறாக்கள். ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாத ஏழைகளின் காணிக்கை அது. பவுலோ உரோமக் குடியுரிமை பெற்றவர். இன்னல் வந்தபோது இராயனுக்கு மேன்முறையீடு செய்ய அவரால் முடிந்தது. இயேசுவை ஓர் உரோமப் போர்வீரன் பள்ளத்தில் தள்ளியிருந்தால், பள்ளத்தில் விழுந்த இன்னொரு யூதன் என்பதற்கு மேல் அவர்க்கு எந்த முறையீடும் இல்லை. இங்கே பாட்டியின் பொருத்தனைக்குப் பேரன் ஆராய்ச்சி வடிவம் தந்துவிட்டார்.

தொடர்ந்துவரும் அதிகாரங்கள் அச்சம், வஞ்சனை, வெறுப்பு, அன்பு என்பன. அடக்கப்பட்டவனுக்கு அச்சம் இடையறாத துணை. வஞ்சனை அவனுடைய ஆயுதம். வலியவனிடம் உண்மை பேசி உயிர் தப்புதல் அவனுக்கு இயலாது. வெறுப்பு அவனுக்கு ஒருவகை ஊட்டம். இழந்த தன்மதிப்பை அது மீட்டுத் தருவது போலத் தோன்றும். இவற்றைத் தேர்மன் பாவம் என்று எளிதிற் கடிந்துவிடவில்லை என்பதே நூலின் உயிர். அடக்கப்பட்டவனுக்கு இவை ஏன் தேவைப்படுகின்றன என்பதைப் பொறுமையோடு விளக்கி, பின்னரே இவை ஈற்றில் அவனையே தின்றுவிடும் என்கிறார்.

இந்நூலின் மீது நமக்கு ஓர் ஐயமும் உண்டு. நல்லன யாவும் இயேசுவின் சமயம், தீயன யாவும் கிறிஸ்தவம் என்று பிரித்துவிட்டால், எச்சமயத்தையும் எக்குற்றச்சாட்டினின்றும் காப்பாற்றிவிடலாமன்றோ? பாட்டி விரும்பிக் கேட்ட அன்பின் அதிகாரமும் பவுல் எழுதியதே. இதனைத் தேர்மன் உணராதவரல்லர். ஆயினும் போதியளவு இதனோடு மல்லாடவில்லை என்றே தோன்றுகின்றது. போராட்டக் களத்தின் முன்னணியில் அவர் நிற்கவில்லை என்று 1960களில் இளைஞர் சிலர் குறைகூறியதும் உண்டு. 1969இல் ஜேம்ஸ் கோன் கறுப்பின இறையியலை வகுத்தபோது அது தேர்மனின் தொனியினும் பன்மடங்கு உரத்து ஒலித்தது. எனினும் 1953இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்றபோது அங்கே ஆராய்ச்சி மாணவராயிருந்த கிங், அவரைத் தம் குடும்ப நண்பராகவும் ஆன்மிக வழிகாட்டியாகவும் கொண்டிருந்தார்.

நம் நாட்டார்க்கு இவ்வினா புதிதன்று. 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் காலத்திலே திருச்சபைப் பதிவு இன்றி அரசாங்க உத்தியோகம் கிட்டுதல் அரிது. புறத்தே ஞானஸ்நானமும் அகத்தே சிவபூசையுமாய் வாழ்ந்த முன்னோரின் கதைகளை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். தேர்மன் சொல்லும் வஞ்சனை என்னும் அதிகாரத்துக்கு யாழ்ப்பாணத்திலும் உதாரணம் தேடலாம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையையும் நிறுவினர். அவர்கள் புறப்பட்டு வந்த நாட்டிலே அப்போது மனிதர் சந்தையில் விலைப்பட்டுக்கொண்டிருந்தனர். அவர்களிடம் கற்றோர் இதனை எத்துணை வெளிப்படையாகக் கேட்டனரோ! வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டு, பாதிரிமாரின் கண்டனங்களுக்கு அவர்தம் வேதாகமத்திலிருந்தே விடை கொடுத்தார். கொழும்பு வழக்கறிஞர் அம்மரபின் வழித்தோன்றல் என்று கொள்ளுதல் தவறாகாது.

ஆயின் நாவலர் நின்ற இடத்திலேயே அவர் வழக்கும் நின்றுவிடுகின்றது. சாதி என்னும் கேள்வியை நாவலர் தொட்டாரல்லர்.

இலங்கையிலே தம்மை இந்து என்று கூறிக்கொள்பவர் பெரும்பாலும் தமிழரே. தமிழராயின், சட்டம் பயின்ற அவர் தேசவழமையை அறியாதிருந்திருக்க முடியாது. ஒல்லாந்தர் ஆணைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706, 1707ஆம் ஆண்டுகளில் தொகுத்து, தமிழ் முதலியார் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்புதல் அளித்த அச்சட்டக் கோவையிலே, காணி, சீதனம், முதுசொம் என்பவற்றோடு அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அடிமை என்னும் சொல் அங்கே உவமையன்று. வாங்கவும் விற்கவும் சீதனமாகக் கொடுக்கவும் தக்க மனிதரையே அது குறித்தது. பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால், 1816 ஓகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் பிறக்கும் அடிமைப் பிள்ளைகளை விடுவிக்க உடைமையாளர் பலர் இணங்கினர். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் அவ்வாண்டிலேதான். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். லிங்கனின் பிரகடனத்துக்கு 19 ஆண்டுகளே முற்பட்டது அது. தேர்மனின் பாட்டியோடு ஒத்த கதைகளைச் சொல்லத்தக்க பாட்டிமார் நம் ஊர்களிலும் இருந்திருப்பர். அக்கதைகளை வாசிகசாலையிலும் வாரமலரிலும் யாரும் கேட்டெழுதவில்லை.

சட்டம் ஒழித்ததை வழக்கம் ஒழித்ததா? 1929, 1930ஆம் ஆண்டுகளில், பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற சமஆசனக் கோரிக்கை எழுந்தபோது, எதிர்த்தோர் சிலர் பாடசாலைகளுக்குத் தீயிடவும் துணிந்தனர். கொழும்பில் அக்கோப்பி பரிமாறப்படுவதற்கு ஐந்தாறு ஆண்டுகளே முன்னர் நிகழ்ந்தது இது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இக்கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தது என்பது ஆறுதல். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே ஆலயப் பிரவேசம் கோரியோர் 1968இலும் நிற்க நேர்ந்தது என்பது ஆறுதலன்று. விருந்தினரை நோக்கி வழக்கறிஞர் நீட்டிய விரல் சரியான திசையிலேயே நீண்டது. அவ்விரலுக்கு உரியவர்க்கும் ஒரு கோவில் வாயில் இருந்தது என்பதே நாம் சேர்த்துச் சொல்லவேண்டுவது.

இதனைச் சொன்னவர் ஒருவர் அக்காலத்திலேயே இருந்தார். 1936 பெப்ரவரி 21ஆம் திகதி குஜராத்தின் பர்தோலியில் காந்தியடிகள் அக்குழுவினரைச் சந்தித்தார். உடல்நலங் குன்றியிருந்தபோதும் அவரே கூடாரத்தினின்று வெளிவந்து வரவேற்றார். உரையாடல் மூன்று மணிநேரம் நீடித்தது. அடிமை முறை, வாக்குரிமை, கும்பற்கொலை, கல்வி என்று அமெரிக்கக் கறுப்பரைப் பற்றி அவர் கேள்விமேற் கேள்வியாகக் கேட்டார். அடிமைகள் ஏன் இஸ்லாத்தைத் தழுவவில்லை என்றும் கேட்டார். தொழுகை வரிசையிலே அடிமையும் எசமானனும் ஒன்றாய் நிற்பதை அவர் எண்ணியிருத்தல் கூடும். இந்தியாவில் கிறிஸ்துவின் நெறிக்குப் பெருந்தடை எதுவெனத் தேர்மன் வினவியபோது, மேனாட்டு நாகரிகத்தோடும் குடியேற்ற ஆதிக்கத்தோடும் ஒன்றாகிவிட்ட கிறிஸ்தவமே என்று காந்தியடிகள் விடை கூறினார். கொழும்பு வழக்கறிஞர் இதனைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

மற்றொரு விடை அவர்க்கு அத்துணை மகிழ்ச்சி தந்திராது. அகிம்சைப் போராட்டம் மக்களிடையே ஏன் வலிமை குன்றியது என்று கேட்டபோது, மக்களிடம் உயிராற்றல் இல்லை என்றார் காந்தியடிகள். ஒரு காரணம் பசி. மற்றையது தன்மதிப்பின் இழப்பு. அத்தன்மதிப்பைப் பறித்தவர் அன்னிய ஆட்சியாளர் என்று அவர் சொல்லவில்லை. இந்து சமயத்துக்குள்ளேயே இருக்கும் தீண்டாமை என்றார். தேர்மனும் அவர் துணைவரும் தங்கள் நாட்டுக் கோவில்களைப் பற்றி நெடுநேரம் பேசிய பின்னர், இந்தியர் ஒருவர் தம் நாட்டுக் கோவில்களைப் பற்றி அவர்களிடம் சொன்ன சொல் இது.

விடைபெறுமுன் காந்தியடிகள் அவர்களை ஒரு பாடல் பாடுமாறு வேண்டினார். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தபோது நீ அங்கிருந்தாயா என்று கேட்பவனையே வினவும் அடிமைகளின் பாடல் அது. மனிதகுலம் முழுவதும் பட்ட துன்பத்தின் வேரையே அது தொடுவதாகத் தாம் உணர்வதாக அவர் கூறினார். சூ அம்மையார் தொடங்க, மற்றையோர் உடன் பாடினர். காந்தியடிகளும் அவரைச் சூழ்ந்திருந்தோரும் தலை குனிந்து கேட்டனர்.